பூங்காவனம் எழுதாமல் விட்டது

அரியலூர் ஸ்டேஷன் குவார்ட்டர்ஸ்
21-11-1945

அத்தை அவர்களுக்கு மருமகன் அய்யம்பெருமாள் வணக்கம். நான் சுகம். உங்கள் சுகத்தையும் பூங்காவனத்தின் சுகத்தையும் அடுத்த தபாலிலேயே எழுதச் சொல்லுங்கள்.

காரியம் முடிந்து நீங்கள் சிறுவாச்சூர் திரும்பிய மறுநாளே டியூட்டியில் சேர்ந்துவிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர், "இன்னும் பத்து நாள் வூட்ல இருய்யா, வேலை எங்க ஓடிப்போவுது"ன்னார். வேண்டாம் என்றேன். மழையில் சிக்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது. பொன்மலை ரயில்வே பட்டறையில் மூன்று வருஷம் நான் கற்றுக்கொண்டது கம்பியும் கப்பியும்தான். அதைத் தொட்டால் வேறு நினைப்பு வருவதில்லை.

ஜெகதாவின் டிரங்குப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றியிருக்கிறேன். புடவை ஏழு, ரவிக்கை ஒன்பது. சாவி பூங்காவனத்திடம் இருக்கட்டும். ஊரில் கேட்கிறவர்களிடம் விஷக் காய்ச்சல், மூன்றே நாளில் போய்விட்டாள் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

பெட்டிக்குள் பேனா ஒன்று இருக்கும். அது பூங்காவனத்துக்கு. இதுவரை அக்காளுக்கு அவள் எழுதிக்கொண்டிருந்தது போல இனி எனக்கு எழுதட்டும். நீங்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதினால் நீங்களே எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். மை அடைத்துக்கொண்டால் வெந்நீரில் கழுவ வேண்டும். ஊசியால் குத்தக் கூடாது.

உங்கள் மருமகன்
அய்யம்பெருமாள்


சிறுவாச்சூர்
9-12-1945

அன்புள்ள மாப்பிள்ளைக்கு அத்தை செல்வம்மாள் சொல்லி, பூங்காவனம் எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே இருவரும் நலம். உங்கள் உடம்பைப் பற்றி நாலு வரி அதிகமாக எழுதவும்.

பெட்டி வந்தது. அம்மா ஒவ்வொரு புடவையாக மடியில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தாள். அக்காளின் ரவிக்கைகள் எனக்கு இறுக்கமாக இருக்கின்றன. இருக்கட்டும், பிரித்துத் தைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ரேஷனில் இந்த மாதம் அரிசி குறைவு. கேழ்வரகு கிடைக்கிறது. வீட்டில் இரண்டு பேர்தான் என்பதால் தட்டுப்பாடு இல்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, யார் சமைக்கிறார்கள் என்று அம்மா கேட்கிறாள்.

பூங்காவனம் நன்றாக இருக்கிறாள். கோயில் நடை திறக்கிற திங்களும் வெள்ளியும் விரதம் இருக்கிறாள். நீங்கள் கவலைப்படும்படி எதுவும் இல்லை.

வேறு விசேஷம் இல்லை.
செல்வம்மாள்


அரியலூர்
6-1-1946

அத்தைக்கு வணக்கம். கடிதம் கிடைத்தது. மனதுக்குத் தெம்பாக இருந்தது. நான் நலமே.

கேங்மேன் சம்சாரம் ரத்தினம்மாள் சமைத்துக் கொடுக்கிறாள். "சாரு, உப்பு இருக்குதா இல்லையான்னாவது சொல்லுங்க, செவுத்துக்குச் சோறு போட்ட மாதிரி இருக்கு"ன்னு கேட்கிறாள். எனக்கு உப்பு தெரிவதில்லை. ஆனால் தட்டைக் காலி செய்துவிடுகிறேன். அது ஒரு வேலை, முடித்தாக வேண்டும்.

ஸ்டேஷனில் எல்லா இடத்துக்கும் போய்வருகிறேன், பார்சல் ஆபீஸ் தவிர. பெரிய தராசு அங்கே இருக்கிறது. எனக்கு அங்கே வேலையும் இல்லை.

பூங்காவனம் விரதம் இருப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். ஜெகதாவும் இருந்தாள். அடுத்து ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பொங்கலுக்கு வர இயலாது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அய்யம்பெருமாள்


சிறுவாச்சூர்
3-2-1946

மாப்பிள்ளை அவர்களுக்கு அத்தை செல்வம்மாள் சொல்லி எழுதுவது. எல்லோரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியமே எங்களுக்கு வேண்டியது.

அம்மா ஒரு விஷயம் சொல்கிறாள். அதை என் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறது. வருஷம் திரும்பியதும் பூங்காவனத்தை உங்களுக்கே கொடுத்துவிடலாம் என்று அம்மா நினைக்கிறாள். பெண்ணுக்கும் பத்தொன்பது ஆகிறது. அக்காளைப் பறிகொடுத்த வீட்டில் தங்கையைக் கொடுப்பது நம் பக்கத்தில் புதிதில்லை. ஜாடையும் அப்படியே ஜெகதா என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது உடம்புவாகும் அப்படியே ஆகிவிட்டதாம். உங்கள் அபிப்பிராயத்தை எழுதச் சொல்கிறாள்.

இது அம்மா சொன்னது. நான் சொல்வது ஒன்று: பேனாவை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நிப்பைக் கழுவித் துடைத்திருக்கிறேன். இனி எனக்குத் தேவைப்படாது. இந்தக் கடிதம் பென்சிலால் எழுதியது, மன்னிக்கவும்.

பூங்காவனம் நன்றாக இருக்கிறாள்.
செல்வம்மாள்


அரியலூர்
10-2-1946

அத்தைக்கு வணக்கம். நான் நலம். பேனா பழுதில்லாமல் வந்து சேர்ந்தது.

கல்யாண விஷயத்தில் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். உங்கள் பெண்ணில் ஒரு குறையும் இல்லை. நான் இப்போது யாருக்கும் புருஷனாக இருக்கத் தகுந்தவன் இல்லை, அவ்வளவுதான்.

பேனா திரும்பி வந்ததன் அர்த்தமும் எனக்குப் புரிந்துவிட்டது. பூங்காவனத்துக்கு இதில் இஷ்டமில்லை. வாயால் சொல்ல முடியாததைப் பேனாவால் சொல்லியிருக்கிறாள். கெட்டிக்காரி. அவளைக் கோபிக்காதீர்கள். விஷயம் தீர்ந்தது.

அடுத்த கடிதம் சீக்கிரம் வரட்டும்.

அய்யம்பெருமாள்


பெரம்பலூர், தாலுகா ஆபீஸ் எதிரில்
21-3-1946

அரியலூர் ரயில்வே சிக்னல் மேஸ்திரி மகாராஜராஜஸ்ரீ அய்யம்பெருமாள் அவர்கள் சமூகத்துக்கு, சிறுவாச்சூர் கிராமம் செல்வம்மாள் சொற்படி, மனு எழுதும் அரியமுத்து எழுதிக்கொண்டது. மனுதாரர் க்ஷேமம். எதிர்த்தரப்பு க்ஷேமத்துக்கு எழுத வேண்டியது.

மேற்படி செல்வம்மாளின் இரண்டாவது குமாரத்தி பூங்காவனம் என்பவள் சென்ற கார்த்திகை மாதம் முதல் அன்னம் ஆகாரம் சரிவர உட்கொள்வதில்லை. முதலில் வாரம் இரண்டு நாளாக இருந்த விரதம் நாளடைவில் எல்லா நாளுக்கும் பரவி, மேற்படியாள் தற்சமயம் மிகவும் மெலிந்து...

சார், இந்த அம்மாள் என்னை எழுத விடவில்லை. "எம் பேச்ச எழுதுய்யா, உம் பேச்ச எழுதாதே"ன்னு மேஜையைத் தட்டுகிறாள். ஆகவே அவள் சொல்கிறபடி:

"மாப்ளே, நானும் நாலு மாசமா ஒவ்வொரு காயிதத்துலயும் சொல்லிக்கிட்டே இருக்கேன், இந்தப் பொண்ணு சோறு திங்க மாட்டேங்குது, ஒரு வார்த்தை புத்தி சொல்லி எழுதுங்கன்னு. நீங்க அதைப் பத்தி மட்டும் ஒண்ணுமே எழுத மாட்டேங்கிறீங்க. என்ன கல்லு மனசு உங்களுக்கு? ஒருவேளை இந்தக் கழுதை எழுதவே இல்லியோன்னு நேத்துதான் சந்தேகம் வந்துச்சு. அதான் அரிசி வாங்க வந்த கையோட இந்த ஆளைப் புடிச்சேன்.

"ஊருல எல்லாம் அம்மன் அருள் வந்துருக்குன்னு அவ கால்ல விழுவுறாங்க. எனக்கும் ஒரு பக்கம் பெருமையாத்தான் இருந்துச்சு. போன மாசம் வரைக்கும் மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கிட்டிருந்தா. இந்த வாரம் என்னமோ தெளிவாயிட்டா. அவ புடவை ரெண்டையும் பக்கத்து வூட்டுத் தனத்துக்குக் குடுத்துட்டா. கண்ணாடி, சீப்பு, வளவி எல்லாம் குடுத்தாச்சு. முந்தாநேத்து காதுத் தோட்டைக் கழட்டி எங்கிட்ட குடுத்து, 'நீயே வச்சுக்கம்மா'ங்கிறா. சாமியாராவே ஆயிட்டா போலிருக்கு. நீங்க ஒரு எட்டு வந்து பாத்தா தேவல."

மேலே கண்டது யாவும் அவள் சொல்ல நான் எழுதி, படித்துக் காட்டி, சரியென்று ஒப்புக்கொண்டு இடது பெருவிரல் ரேகை வைத்தது.

அரியமுத்து


பெரம்பலூர் பஸ் நிற்கும் இடம்
23-3-1946, சனிக்கிழமை

பூங்காவனத்துக்கு அய்யம்பெருமாள் எழுதுவது.

நலமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. நலமில்லை என்று தெரியும்.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. கரியில் ஓடுகிற பஸ்ஸுக்கு அடுப்பு மூட்டி விசிறிக்கொண்டிருக்கிறார்கள். அது கிளம்புகிறவரை எழுதுவேன். வீட்டுக்கு வந்து உன் கையில் கொடுப்பேன். நீ படித்து முடிக்கிற வரைக்கும் உன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

அத்தை சொன்னதில் ஒரு பாதியை நீ நான்கு மாதமாக எழுதாமல் விட்டிருக்கிறாய். உன்மேல் கோபமில்லை. நீ விட்டதைவிடப் பெரியதை நான் விட்டிருக்கிறேன்.

உன் அக்காளுக்குக் காய்ச்சல் வரவில்லை. அவள் தன் உயிரைத் தானே விட்டாள். எப்படி என்று சொல்லமாட்டேன், அது உனக்கு வேண்டியதில்லை. ரத்தினம்மாளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஊருக்கும் உங்களுக்கும் காய்ச்சல் என்று சொன்னேன்.

அதற்கு முன்னால் ஒரு வருஷமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. திங்கள், வெள்ளி என்றுதான் ஆரம்பித்தாள். எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறபோதெல்லாம் பார்சல் ஆபீஸ் தராசில் ஏறி நிற்பாள். "கொறஞ்சிருக்கா பாருங்க"ம்பாள். விளையாட்டு என்று நினைத்தேன். "கொறஞ்சிருக்கு"ன்னு சொன்னால் அவள் முகம் மலரும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே, குறையாத நாளிலும் குறைந்திருப்பதாகச் சொன்னேன். சிக்னல் கருவியின் முள்ளைப் பார்த்துச் சரியாகச் சொல்வது என் தொழில். வீட்டுக்காரியிடம் பொய் சொன்னேன்.

கடைசி வாரம் அவள் ரொம்பத் தெளிவாக இருந்தாள். பித்தளைக் குடத்தை ரத்தினம்மாளுக்குக் கொடுத்தாள். தையல் ஊசிப் பெட்டியைக் கொடுத்தாள். சரியாகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். நான் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ பேனாவைக் கழுவித் துடைத்து அனுப்பியபோது, அதற்கும் நானே ஒரு அர்த்தம் சொல்லிவிட்டு, உன்னையும் கேட்கவில்லை. நேற்று அரியமுத்துவின் கடிதத்தில் தோடு என்ற இடம் வந்ததும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஸ்டேஷனுக்கு மணி அடித்துக் கேட்காமல் எந்த வண்டியையும் விடமாட்டோம். பாதை காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வதற்கு இடமில்லை. கேட்க வேண்டும். பதில் மணி வர வேண்டும். சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்துவோம். சும்மா நிறுத்திவிட்டாயே என்று இதுவரை என்னை யாரும் திட்டியதில்லை.

அதனால் கேட்கிறேன். பூங்காவனம், உயிரை விட்டுவிடலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா?

ஆமாம் என்றால் ஆமாம் என்றே சொல். எனக்கு அதிர்ச்சி வராது. உன்னைத் திட்டவோ கட்டிப்போடவோ காலில் விழவோ போவதில்லை. அத்தையும் நானும் உன்னைத் தனியாக விடமாட்டோம். திருச்சியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், அங்கே போவோம். நான் வருவது பெண் கேட்டு அல்ல. அந்தப் பேச்சு முடிந்துபோனது.

பேனா என் சட்டைப் பையில் இருக்கிறது. மை நிரப்பியிருக்கிறேன். பஸ் ஹாரன் அடிக்கிறான்.

அய்யம்பெருமாள்


அதே தாளின் பின்பக்கம்

மாமா,

ஆமாம்.

அம்மாவிடம் அக்கா விஷயத்தை நீங்கள் சொல்லுங்கள். என் விஷயத்தை நான் சொல்கிறேன். கூட இருங்கள்.

பூங்காவனம்


பெரம்பலூர்
2-5-1946

அய்யம்பெருமாள் சாருக்கு, செல்வம்மாள் சொல்ல அரியமுத்து எழுதியது. முகவுரை வேண்டாமாம்.

"நாங்க நல்லாத்தான் இருக்கோம். அஞ்சு வாரம் ஆசுபத்திரியில இருந்துட்டு முந்தாநேத்துதான் வூடு வந்தோம். கஞ்சி குடிக்கிறா. ஒவ்வொரு வாய்க்கும் என்னை மொறைக்கிறா. மொறச்சாலும் குடிக்கிறா.

"தனத்தை அவகூட உக்கார வச்சுட்டு வந்திருக்கேன். இந்தக் காயிதத்தை வேணும்னேதான் அவ கையால எழுதல. இது எனக்கும் உங்களுக்கும் உள்ளது. எம் பொண்ணு எப்படிச் செத்தான்னு அஞ்சு மாசம் எங்கிட்ட மறைச்சீங்க. அன்னைக்கு நீங்க சொல்றப்ப எனக்குக் கோவம் வரல. சின்னவளைக் காப்பாத்துற அவசரம். இப்ப ராத்திரியில அவ தூங்குறப்ப பக்கத்துல உக்காந்திருக்கேன்ல, அப்பத்தான் வருது. ஐப்பசியிலேயே சொல்லியிருந்தா கார்த்திகையிலேயே நான் முழிச்சுக்கிட்டிருப்பேன். சாமின்னு சொல்லி அவ கால்ல விழ விட்டிருப்பேனா? காய்ச்சல்லயா போனா எம் பொண்ணு? ஊர் பூரா நான் அப்படித்தான் சொல்லி அழுதேன்.

"இன்னொண்ணு. டாக்டரம்மா தினம் அவளைக் கேக்கச் சொல்லுது. உசுரை விடணும்னு தோணுச்சான்னு பெத்தவ எப்படிக் கேக்கறது? கேட்டா தோணாதவளுக்கும் தோணாதா? நாக்கு வரமாட்டேங்குது. பதில் எழுதுங்க. கோவம் இருக்கு, ஆனா பதில் எழுதுங்க."

பெருவிரல் ரேகை. சார், இதை எழுதுவதற்குள் எனக்கே இரண்டு தடவை கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாயிற்று.

அரியமுத்து


அரியலூர்
8-5-1946

அத்தைக்கு வணக்கம். இந்தக் கடிதத்தைப் பூங்காவனமே படித்துக் காட்டலாம். இனி எதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஐப்பசியில் சொல்லியிருக்க வேண்டும். ஜெகதாவின் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். என் பெயரைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கிறேன். கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

உங்கள் சந்தேகத்தை டாக்டரம்மாவிடம் நானும் கேட்டேன். "கேக்கறதுனால அந்த எண்ணம் வராதுப்பா. இருக்கறதை இறக்கி வைக்க இடம் கெடைக்கும். சாப்பாட்டோட இப்படி மல்லுக்கட்டறவங்களுக்கு அந்த எண்ணம் மத்தவங்களைவிட ஜாஸ்தி வரும். வயித்தை மட்டும் பாத்துக்கிட்டு மனசை விட்டுடாதீங்க"ன்னார். ஏன் இந்த நோய் வந்தது என்றும் கேட்டேன். ஒரே ஒரு காரணம் சொல்லத் தெரியாது, தெரிகிறதென்று யார் சொன்னாலும் நம்பாதே என்றார்.

ஆகவே கேளுங்கள். சோறு போடுகிறபோது, "தோணுச்சாடி?" என்று உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டால் போதும். ஒல்லி, பருமன் என்று வீட்டில் யாரும் வாயெடுக்க வேண்டாம். ஜெகதாவின் ரவிக்கைகளைப் பிரித்துப் பூங்காவனத்தின் அளவுக்குத் தைத்துவிடுங்கள், இல்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு ஒரு கடிதம் வரவேண்டும். அதில் என் கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். வராவிட்டால் சனிக்கிழமை நான் அங்கே இருப்பேன்.

நேற்று பார்சல் ஆபீஸுக்குப் போனேன். தராசு அங்கேயேதான் இருக்கிறது. அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ரத்தினம்மாள் இன்று வைத்த குழம்பில் உப்பு அதிகம். அவளிடம் சொன்னேன். "அப்பாடா!"ன்னு கும்பிட்டாள்.

அய்யம்பெருமாள்


சிறுவாச்சூர்
12-7-1946, வெள்ளிக்கிழமை

மாமாவுக்குப் பூங்காவனம் எழுதுவது. அம்மா எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் வாயிலிருந்து வருவதை வந்தபடியே எழுத வேண்டும் என்பது இப்போது இந்த வீட்டுச் சட்டம்.

"மாப்ளே, நல்லா இருக்கீங்களா? இங்க நல்லாத்தான் இருக்கோம். முழுசா நல்லா இல்ல. ரெண்டையும் எழுதுடி. இந்தக் கழுதை நேத்து ஒண்ணரை இட்லி தின்னுட்டு, மீதியைத் தட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சுச்சு. எழுது. என்ன என்னைப் பாக்குற? அதையும் எழுது. அப்புறம் நான் சொன்னேன், ஒளிச்சதைக் காக்காய்க்குப் போட்டுட்டு புதுசா ஒண்ணு தின்னுடின்னு. அரை மணி நேரம் மொறச்சா. அப்புறம் தின்னா. தின்னுட்டு அழுதா. அழுதது எழுதிட்டியா? எழுது.

"தனத்துகிட்ட புடவையைத் திருப்பிக் கேட்டேன். குடுக்க மாட்டேங்குறா. 'அருள் வந்தவ கட்டுன புடவை, வெலை பேசிக்கிட்டிருக்காங்க'ங்கிறா, திருட்டு முண்டை. சிரிக்காம எழுதுடி. தோட்டை மட்டும் நானே அவ காதுல மாட்டிவுட்டேன்.

"உங்க மேல கோவம் பாதி போச்சு. மீதி இருக்கட்டும், நேர்ல வந்தா திட்டறதுக்கு. ஆடி பதினெட்டுக்கு வாங்க."

இனி நான் சொல்வது. நீங்கள் போன தடவை, ஏன் என்று கேட்டீர்கள். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. அக்கா போன பிறகு எல்லாமே யார் யாரோ முடிவு செய்கிறதாக ஆயிற்று. என் கைக்குள் எது இருக்கிறது என்று தேடினேன். வயிறு ஒன்றுதான் இருந்தது. அதை இழுத்துப் பிடித்தேன். பிறகு அது என்னைப் பிடித்துக்கொண்டது. இன்னும் முழுசாக விடவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: இந்த வாரம் ஒரு நாள் தோன்றியது. செவ்வாய்க்கிழமை. கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்து அம்மாவிடம், "தோணுதும்மா"ன்னேன். அம்மா, "சரி, வா"ன்னு என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும் விடவில்லை. ஒற்றைக் கையாலேயே அரிசி களைந்தாள். புதன்கிழமை தோன்றவில்லை. நேற்றும் இல்லை. இன்றும் இல்லை.

பேனா நன்றாக எழுதுகிறது. நீங்கள் உப்பு தெரிந்து சாப்பிடுகிறீர்களா? இந்தக் கேள்விக்கும் வெள்ளிக்கிழமைதோறும் பதில் வேண்டும்.

நான் எழுதியதைப் படித்துக் காட்டியாயிற்று. அம்மா நம்பவில்லை. தனத்தைக் கூப்பிட்டு, அவள் மூன்றாவது வரை படித்தவள், அவளையும் ஒரு தடவை படிக்கச் சொல்கிறாள். புடவை விஷயம் வருகிற இடத்தில் தனம் என்ன செய்வாள் என்று பார்க்க நான் காத்திருக்கிறேன்.

பூங்காவனம்

செல்வம்மா அத்தாச்சி சொன்னது எல்லாம் இதுல இருக்கு. நான் ஒவ்வொரு வரியாப் படிச்சுப் பாத்தேன். ஒண்ணும் விடல. புடவையைக் குடுத்துடறேன்.
இப்படிக்கு தனம்